கைப்பைக்குள் நான்கு கங்கை

ஃப்ளோரா நார்மனுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வரும். சிலருக்கு இடது கைப் பழக்கம் இருப்பதுபோல அவளுக்கு இது. பிறவியிலேயே வந்தது, கண்டித்துத் திருத்த முடியாதது. வேறு உத்தியோகத்தில் இருந்திருந்தால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஃப்ளோராவோ சாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்.

முதல் தடவை அது வந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. கட்கி கண்டோன்மென்ட்டில், மாடி வீட்டில் இருந்த அந்தோணியம்மாள் அத்தை இறந்துபோனாள். குறுகலான மரப்படி, பாதியில் ஒரு திருப்பம். அத்தை உயிரோடிருந்த காலத்திலேயே அந்தத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, படி கட்டியவனின் ஏழு தலைமுறையையும் திட்டாமல் இறங்கியதில்லை. சவப்பெட்டியும் அங்கேயே மாட்டியது. மேலே இருந்தவர்கள் "தூக்கு" என்றார்கள், கீழே இருந்தவர்கள் "இறக்கு" என்றார்கள். நடுவில் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே நசுங்கிப்போன மாமா ஒருவர், "என்னையும் சேத்துப் புதைச்சிட்டு வாங்கடா, ஒரே வேலையாப் போவும்" என்றார். ஃப்ளோரா சிரித்தாள். அம்மா தொடையில் கிள்ளிய பிறகும் சிரித்தாள். கல்லறைத் தோட்டம் போய்ச் சேரும்வரை சிரித்தாள். இத்தனைக்கும் அந்த அத்தைதான் அவளுக்கு உயிர்.

நர்ஸிங் படிக்கப் போனபோது, முதன்முதலாக ஓர் உடலைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டக் கற்றுக்கொண்ட நாளிலும் அதே கதை. பாடம் நடத்திய மல்லிகா சிஸ்டர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கவுன் பாக்கெட்டிலிருந்து ஒரு மிளகை எடுத்து அவள் வாயில் போட்டு, "கடி" என்றாள். கடித்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. பார்ப்பவர்களுக்கு அழுவதுபோலவே இருந்தது. அன்றிலிருந்து ஃப்ளோராவின் பாக்கெட்டில் ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் இருந்திருக்கிறது, மிளகு இல்லாமல் இருந்ததில்லை.

இதைக் கொண்டு அவளை விசேஷமான பிறவி என்று நினைத்துவிட வேண்டாம். ஊசி போடுவதில் கெட்டிக்காரி. டீ போடுவதில் மகா மோசம். காத்திருக்கப் பொறுமை கிடையாது. கோபம் வந்தால் மராத்தியில்தான் வரும், அதுவும் காய்கறிச் சந்தை மராத்தி. ஒன்று மட்டும் சொல்லலாம்: படுக்கையில் இருப்பவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்பதை அவள் மறந்ததில்லை. எளிய விஷயம்தான். ஆனால் படுக்கையைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப்பேருக்கு அது மறந்துபோயிருக்கும்.

அவள் கணவர் நார்மன், ஒரு பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவு என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்துபோய் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஃப்ளோரா அன்றைய வேலையைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே, "ஒரு நிமிஷம் ஃப்ளோரா, துளசி வாடுது" என்று கிளம்பிவிடுவார். இத்தனை தண்ணீர் குடித்து அந்த வீட்டில் ஒரு செடியும் உருப்பட்டதில்லை.

வீடு தேடிப்போகும் வேலைக்கு வந்தபிறகு அவள்மேல் இரண்டு புகார்கள் வந்துவிட்டன. இரண்டாவது கசார்வாடியில். பட்டறைக்காரர் ஒருவர் இறந்த வீட்டில், அப்பாவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று இரண்டு மகன்கள் மல்லுக்கட்டினார்கள். பெரியவன் வென்றான். போட்டுப் பார்த்தால் அது சின்னவனின் சட்டை. பையில் அவனுடைய சினிமா டிக்கெட் இருந்தது. மிளகு அன்றைக்குப் போதவில்லை.

வீடு தேடிப்போகும் நர்ஸுகளின் குழுவுக்குப் பொறுப்பாளர் அகல்யா. அவள் கூப்பிட்டு இந்தியில் சொன்னாள்: "ஃப்ளோரா தீதி, எனக்குத் தெரியும், உங்களைத் தெரியும். ஆனால் மூன்றாவது புகார் வந்தால் உங்களை ஆபீஸில் போன் எடுக்க உட்கார வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை."

"போன்லயும் சிரிப்பு வருமே மேடம்" என்றாள் ஃப்ளோரா.

"அதற்கு மியூட் பொத்தான் இருக்கிறது."

இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஆகுர்டி வீடு வந்து சேர்ந்தது.

கட்கியில் லோனாவ்லா லோக்கல் ஏறினால் ஆகுர்டி அதிக தூரமில்லை. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தொலைவில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மழைக்காலம், வாசலில் குடைகள் கவிழ்ந்து கிடந்தன. லிப்டுக்குப் பக்கத்தில் அந்த வீட்டு மருமகள் சுப்ரஜா காத்திருந்தாள்; ஐ.டி. வேலை, காதில் ஒரு இயர்போன், மறுகாதில் கவலை.

"சிஸ்டர், ஒரே ஒரு விஷயம். மாமனாருக்கு எதுவும் தெரியாது. லிவர்ல இன்ஃபெக்‌ஷன்னு சொல்லி வெச்சிருக்கோம். மாமியாருக்கும் அதேதான். நீங்க பாட்டுக்கு இனிமே இவ்வளவுதான்ங்கற மாதிரி ஏதாவது சொல்லிடாதீங்கோ. கடைசிக் காலப் பராமரிப்புன்னு போட்டிருக்கற அந்த பேட்ஜை வேணா திருப்பிப் போட்டுக்கறேளா?"

ஃப்ளோரா பேட்ஜைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் பெட்ரோல் பங்க் விளம்பரம் இருந்தது.

உள்ளே போனதும் மாமியார் பட்டு அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள். குக்கர் விசில் அடிக்கும்வரை காத்திருந்து, அந்தச் சத்தத்தில் சொன்னாள். "டாக்டர் மூஞ்சியப் பாத்தப்பவே நான் புரிஞ்சுண்டுட்டேன். ஆனா அவருக்கு ஒண்ணும் தெரியாது. இதுகளும் கொழந்தைகள், பாவம், இன்ஃபெக்‌ஷன்னு நம்பிண்டிருக்குகள். நீங்க எதையும் காட்டிக்கப்படாது."

"சரி மாமி."

படுக்கையில் இருந்தவர் பக்தவத்சலம். கோயம்புத்தூரில் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். உடம்பு முழுக்கக் கரைந்து, மூக்கும் கண்ணும் மட்டும் உத்தியோகத்தில் மிச்சமிருந்தன. ஃப்ளோரா நாடி பார்க்கக் கையைப் பிடித்ததும், "கதவைச் சாத்துங்கோ" என்றார். சாத்தினாள்.

"இங்க யாருக்கும் தெரியாது. நீங்க மூச்சு விடப்படாது."

"எதைப் பத்தி சார்?"

"நான் போகப்போறேங்கறதைப் பத்தி."

ஃப்ளோரா பாக்கெட்டில் கைவிட்டாள்.

"என்ன மெல்றேள்?"

"மிளகு சார்."

"தொண்டையா?"

"ஆமா சார். தொண்டைதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த வீட்டில் ஆளுக்கொரு பூசணிக்காயை மறைத்து வைத்துக்கொண்டு, ஒருவர் இலையை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்கிறவர்கள் என்று அவர்களைச் சொல்லவும் முடியாது. நான்கு பேரும் நான்கு திசையில் அன்பாகத்தான் இருந்தார்கள். அதனால்தான் ஒருவரை ஒருவர் தொட முடியவில்லை.

அவர்களுடைய பொய்க்கு ஊர்ப்பெயர் கடக்வாஸ்லா. அப்பா அங்குள்ள அணைக்கட்டைப் பார்க்க ஆசைப்பட்டார் என்பதால், பேச்சு எப்போது ஆபத்தான பக்கம் திரும்பினாலும் மகன் ராம்பிரசாத், "அடுத்த ஞாயித்துக்கிழமை கடக்வாஸ்லா போறோம்பா, டேம் ரொம்பி வழியறதாம்" என்பான். "ஆமா, புளியோதரை கட்டிண்டு போலாம்" என்பாள் பட்டு. "வண்டியில ஏசி சரி பண்ணிடு" என்பார் பக்தவத்சலம். கட்டிலிலிருந்து கழிவறை போக இரண்டு பேர் வேண்டியிருந்த மனிதர்.

அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அதை ஃப்ளோராவிடம் சொன்னார்.

"திரும்ப அந்த ஐ.சி.யூ. கண்ணாடிக் கதவுக்குள்ள போமாட்டேன். போன தடவை மூக்குல, வாயில, எல்லாத்துலயும் குழாய். வாழ்நாளெல்லாம் குழாய் போட்டவன் நான். இப்படி ஒரு இழவெடுத்த லைனை எந்தக் கான்ட்ராக்டரும் போட்டதில்லை. இந்தக் கட்டில்லயே, பட்டு பக்கத்துல இருக்கறப்ப போகணும். ஆனா மூச்சு வாங்கினா உடனே பிரசாத் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவன். ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கான், எனக்குத் தெரியும்."

"அவங்க கிட்ட சொல்லிடுங்களேன் சார்."

"சொன்னா அர்த்தம் என்ன? போகப்போறேன்னு சொல்ற மாதிரி. பட்டு ஒடைஞ்சு போயிடுவா."

"மாமி அப்படி ஒண்ணும்..." என்று தொடங்கி, தான் சமையலறையில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். "நான் வேணா பக்கத்துல இருக்கேன், நீங்க பேசுங்க."

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் என்று ஒன்று அவருக்கு இருக்கிறதா என்பது இருவருக்கும் சந்தேகம்தான்.

ஒவ்வொரு முறை போகும்போதும் ஃப்ளோரா அவரைக் கேட்டாள். மகனைத் தனியே பிடித்து, "அப்பாகிட்ட அவருக்கு என்ன வேணும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றாள். "கேட்டேனே சிஸ்டர், கடக்வாஸ்லான்னார்" என்றான். பூனைக்கு மணி கட்ட எல்லாரும் தயார். மணியை வெளியே எடுக்கத்தான் ஆள் இல்லை.

இதற்கிடையில் சொம்புகள் வர ஆரம்பித்தன.

முதலில் பட்டு. அரிசி டப்பாவுக்குள் முழங்கை வரை கைவிட்டு ஒரு சின்னச் செப்புச் சொம்பை எடுத்தாள். காசியில் விற்பார்களே, கங்கைத் தண்ணீர் பிடித்து, வாயில் ஈயம் வைத்து அடைத்தது, உள்ளங்கையில் அடங்கிவிடும். கடைசி நேரத்தில் வாயில் விடுவதற்கு என்று பல வீடுகளில் பூஜை அலமாரியில் அது இருக்கும். "எங்க கல்யாணமான புதுசுல மாமனார் காசிலேருந்து கொண்டுவந்தது. அலமாரில இருந்தா பிரசாத் பாத்துடுவன், பாத்தா ஏன் வெளில இருக்குன்னு யோசிப்பன். அந்த நேரத்துல நீங்கதானே பக்கத்துல இருப்பேள். உங்க பையில இருக்கட்டும்."

"மாமி, நான் கிறிஸ்டியன்."

"தண்ணிக்கு என்ன தெரியும்? வெச்சுக்கோங்கோ."

அடுத்து சுப்ரஜா, லிப்டுக்குள். லிப்டு இறங்கி முடிப்பதற்குள் சொல்லியாக வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசினாள். "கீழ் ப்ளோர் வனஜா ஆன்ட்டிகிட்ட கடன் வாங்கினேன் சிஸ்டர், மாமியார்கிட்ட இருக்கான்னு கேட்டா அவ்ளோதான், விஷயம் தெரிஞ்சுடும், பிரசாத்துக்குத் தெரிஞ்சா அழுதுடுவார், ப்ளீஸ்." கதவு திறந்தது. சொம்பு பைக்குள் போய்விட்டது.

மூன்றாவது, ராம்பிரசாத். ஆன்லைனில் வாங்கி, ஆபீஸ் விலாசத்துக்கு வரவழைத்து, லேப்டாப் பையில் மறைத்துக் கொண்டுவந்திருந்தான். பார்க்கிங்கில் கார்களுக்கு நடுவே அதை அவன் கொடுத்த விதத்தைக் கண்ட காவல்காரர், வேறு ஏதோ வியாபாரம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாலரை ஸ்டார் ரேட்டிங் சிஸ்டர்" என்றான், குரல் உடைய. ஃப்ளோரா இரண்டு மிளகாகக் கடித்தாள்.

அதே நாள் அவள் கிளம்பும்போது பக்தவத்சலம் கண்ணால் கூப்பிட்டார். தலையணைக்கடியில் முகச்சவரப் பெட்டி. அதற்குள், பிரஷ்ஷுக்கும் சோப்புக்கும் நடுவே, ஒரு சொம்பு.

"பட்டு மறந்துபோயிருப்பா. கடைசி நேரத்துல அவ தேடிண்டு ஓடப்படாது பாருங்கோ. அதான் கோயம்புத்தூர்லேருந்து வரச்சேயே தனியா ஒண்ணு வாங்கி எடுத்துண்டு வந்துட்டேன்."

"கொடுங்க சார்" என்றாள். அதற்குமேல் பேசினால் ஆபத்து.

அன்று லோக்கலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்ததும், வண்டி குலுங்கக் குலுங்க நான்கு சொம்பும் கிணிங் கிணிங் என்று பேசிக்கொண்டன. எதிரே வெந்தயக்கீரைக் கட்டோடு இருந்த பெண், "பாத்திரம் விற்கிறீர்களா தாயி?" என்று மராத்தியில் கேட்டாள். அவ்வளவுதான். பிம்பிரியில் தொடங்கிய சிரிப்பு கசார்வாடியிலும் நிற்கவில்லை. கீரைக்காரிக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் தொற்றிக்கொண்டது. பெட்டியே சிரித்தது. தாபோடியில் ஏறியவர்கள் என்னவென்று விசாரித்துவிட்டு, பதில் கிடைக்காமலே சிரித்தார்கள். கட்கியில் இறங்கி நடக்கும்போதுதான் தன் கழுத்து வரை நனைந்திருப்பதைக் கவனித்தாள். மழை அப்போது பெய்யவில்லை.

"ஏங்க, என் பை ஜிப்பு வாயைப் பிளக்குது, தெச்சு வாங்கி வாங்கன்னு சொன்னேன்ல?" என்றாள் வீட்டில்.

"அப்படி என்ன கனமா வெச்சிருக்கே?" என்றார் நார்மன்.

"சாவுக்கு..."

நார்மன் பால்கனியில் இருந்தார்.

ஜிப்பு தைக்கப்படவில்லை. அடுத்து ஃப்ளோரா ஆகுர்டி போனது ஒரு சனிக்கிழமை காலை. லிப்டுக் கதவு திறக்கும்போதே வீட்டுக்குள் பரபரப்பு கேட்டது. பக்தவத்சலத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ராம்பிரசாத் கையில் போன், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. சுப்ரஜா பைல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பட்டு கணவருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லப்பா, சின்ன செக்கப்" என்றான் மகன். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை பாரு, கடக்வாஸ்லா போறதுக்குள்ள திரும்பிடலாம்."

"புளிக்காய்ச்சல் கூடப் பண்ணிட்டேன்" என்றாள் பட்டு.

பக்தவத்சலம் மூச்சுக்கு நடுவே தலையாட்டினார். "ஏசி... சரி பண்ணிட்டியா?" ஆனால் கண் ஃப்ளோராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிணற்றில் விழுந்தவன் மேலே தெரியும் வட்டத்தைப் பார்ப்பதுபோல.

ஃப்ளோரா கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள், மேசை விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "இதுக்கு மருந்து என்கிட்டயே இருக்கு, ஒரு நிமிஷம்" என்று பையை எடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது விபத்தா என்று அகல்யா பின்னாளில் கேட்டாள். ஃப்ளோராவுக்கே தெரியவில்லை. ஜிப்பு பழுது என்று அவளுக்குத் தெரியும். கைப்பிடியை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள் என்பதும் தெரியும். நான்கு பேருக்கும் வாக்குக் கொடுத்தது வாய். கைக்கு அதில் என்ன பங்கு என்று அது யோசித்திருக்குமோ என்னவோ.

டணார்.

ஒன்று உருண்டு ஓடியது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது சுவரில் மோதித் திரும்பியது. நான்காவது நிதானமாக, ஊர்வலத்தில் கடைசியாக வரும் பெரியமனிதர்போல, கட்டிலுக்கு நேர்கீழே வந்து நின்றது.

"ஐயோ, அது என்னோடது" என்று பட்டு குனிந்தாள்.

"இல்லம்மா, அது நான் வனஜா ஆன்ட்டிகிட்ட..." என்று சுப்ரஜா குனிந்தாள்.

"ஏய், அது என் பார்சல்" என்று ராம்பிரசாத் குனிந்தான்.

மூன்று தலைகளும் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டன. கட்டிலிலிருந்து ஒரு மெலிந்த விரல் நீண்டது. "அடில இருக்கறது... என்னுது."

யாரும் நிமிரவில்லை. நான்கும் ஒரே அச்சு; எது யாருடையது என்று கங்கைக்கே தெரிந்திருக்காது. ஃப்ளோரா பாக்கெட்டில் கைவிட்டாள். காலி. மிச்ச மிளகெல்லாம் காலையில் நார்மனின் ஆம்லெட்டுக்குப் போயிருந்தது.

அவள் சிரித்தாள். வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. மூக்கைப் பொத்தினாள், தோள் வழியாக வந்தது. "ஸாரி சார், ஸாரி மாமி, ஸாரி" என்று சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது புகார், போன் மேசை, மியூட் பொத்தான் எல்லாம் கண்முன் வந்தன. அவையும் சிரிப்பாகத்தான் வந்தன.

ராம்பிரசாத் முகம் சிவந்தது. "சிஸ்டர், வாட் இஸ் திஸ்? எங்கப்பா..."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். இருமல் என்று நினைத்து எல்லாரும் திரும்பினார்கள். பக்தவத்சலம் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் சுளித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தார். "நாலு... ஒரு ஆளுக்கு நாலு... நான் என்ன, நாலு வாய் பிரம்மாவா?"

பட்டு முந்தானையை வாயில் திணித்தாள். பயனில்லை.

அந்தச் சிரிப்பின் ஊடாகவே அவர் சொல்லிவிட்டார். "பட்டு, நான் போகப்போறேன். ஆஸ்பத்திரிக்கு இல்லை. இங்கேயே இருந்து போறேன். அந்த வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லு."

"எனக்குத் தெரியும்னா."

"எப்பலேந்து?"

"டாக்டர் மூஞ்சியப் பாத்தப்பவே. ரசத்துல உப்பு இல்லாதப்ப நீங்க வாயைத் திறக்கலையே, அப்ப நிச்சயமாச்சு."

"அன்னிக்கு உப்பு இல்லையா?"

"வேணும்னுதான் போடலை. பாத்தேன்."

ராம்பிரசாத் தரையில் உட்கார்ந்து, குழந்தைபோல ஓவென்று அழுதான். அப்பா அவன் தலையில் கைவைத்து, "அழு, அழு. ஆனா மொதல்ல போன் பண்ணிட்டு அழு" என்றார்.

ஃப்ளோரா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மருந்தைக் கொடுத்தாள். குழுவின் டாக்டரிடம் பேசினாள். மூச்சு தணியத் தணிய, இனி என்னவெல்லாம் வரும் என்பதை எல்லார் எதிரிலும் ஒளிக்காமல் சொன்னாள்: தூக்கம் கூடும், சாப்பாடு குறையும், வற்புறுத்தக் கூடாது, கடைசியில் தொண்டையில் சத்தம் வரலாம், பார்க்கிறவர்களுக்குத்தான் அது பயம், அவருக்குக் கஷ்டம் இருக்காது, காது கடைசிவரை கேட்கும் என்று நினைத்தே பேசுங்கள். பக்தவத்சலம் ஒரு திட்ட அறிக்கையைக் கேட்பதுபோல உன்னிப்பாகக் கேட்டார்.

"சரி, அந்தச் சொம்புகளைக் கொண்டா" என்றார் பிறகு. தண்ணீரோடு நாற்பது வருஷம் பழகியவருக்கு, தனக்கு எதை ஊற்றப் போகிறார்கள் என்று பார்க்காமல் போக மனமில்லை. ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கினார். வனஜா கொடுத்தது நிறைந்திருந்தது. அடியில் அவள் பெயரின் முதலெழுத்து கீறியிருந்தது. இன்னொன்றில் பாதி, அடுத்ததில் முக்கால். நான்காவதைக் குலுக்கினார். மறுபடி குலுக்கினார்.

"இது காலி."

அரிசி ஒன்று அதன் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டுவின் சொம்பு.

"எங்கேயோ ஓட்டை. ஆவியாயிருக்கு. இத்தனை வருஷமா காலிச் சொம்புக்காடி கற்பூரம் காட்டினே?"

"நீங்க குலுக்கிப் பாத்துச் சொல்லிருக்கலாமே! பெரிய வாட்டர் போர்டு!"

இந்தச் சண்டையில் ஆம்புலன்ஸ் வந்து, திரும்பிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராம்பிரசாத் மட்டும் கடக்வாஸ்லா போனான். மதகுகள் திறந்து தண்ணீர் கொட்டுவதைப் போனில் அப்படியே அப்பாவுக்குக் காட்டினான். "போனை ஆட்டாதேடா, மதகைக் காட்டு, உன் மூஞ்சிய யார் கேட்டா" என்று இங்கிருந்து உத்தரவு போயிற்று. புளியோதரையை வீட்டிலேயே சாப்பிட்டார்கள். அவர் இரண்டு பருக்கை வாயில் போட்டுக்கொண்டு, உப்பு தூக்கல் என்றார். பட்டுவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

சொம்பைத் திறப்பதும் திருவிழாவாயிற்று. ராம்பிரசாத் ஸ்க்ரூ டிரைவரோடு மல்லாடி முதலில் காலிச் சொம்பில் பழகினான். அதன் வாய் சுத்தமாகப் பெயர்ந்தது. தண்ணீர் இருந்ததைத் தொட்டதும் செம்பு நசுங்கி, கொஞ்சம் கங்கை அவன் பனியனில் தெறித்தது. "உனக்கு மோட்சம் கன்பர்ம்" என்றார் அப்பா.

அதற்குப் பின் சென்னையிலிருந்து அவருடைய தம்பி அனந்தராமன் வந்து சேர்ந்தார். மறுநாள் முற்பகல், மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஃப்ளோரா பட்டுவை அருகில் உட்கார வைத்து ஸ்பூனைக் கையில் கொடுத்தாள். "துளித் துளியா மாமி. உதட்டை நனைச்சா போதும்." பட்டு விட்டாள். அவர் நாக்கு லேசாக அசைந்தது. எந்த ஊர்த் தண்ணீர் என்று கண்டுபிடித்துவிட்டாரோ என்னவோ. அடுத்த மூச்சு வரவில்லை.

எல்லாரையும் கொஞ்ச நேரம் அழ விட்டுவிட்டு, ஃப்ளோராவும் பட்டுவும் கதவைச் சாத்திக்கொண்டு அவரைத் துடைத்துவிட்டார்கள். பட்டு வெந்நீரில் விரலை விட்டாள். "சூடு சரியா இருக்கா பாருங்கோ. ப்ரெஷர் கம்மி, க்ளோரின் ஜாஸ்தின்னு ஏதாவது சொல்லுவார்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், பதிலுக்குக் காத்திருப்பவள்போல. ஃப்ளோராவின் தோள் குலுங்கத் தொடங்கியது. பாக்கெட்டுக்குப் போன கையைப் பட்டு பிடித்துக்கொண்டாள். இருவரும் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, கூடம் வரை கேட்கிற மாதிரி சிரித்தார்கள்.

கூடத்தில் அனந்தராமன் இருந்தார். அவர் ஒழுங்கான மனிதர், அண்ணாவை நேசித்தவர். நேரே போனை எடுத்து அலுவலகத்துக்குப் புகார் சொன்னார். சற்றைக்கெல்லாம் ஃப்ளோராவின் போன் அடித்தது. அகல்யா.

"தீதி, அந்த வீட்டில் சிரித்தீர்களா?"

ஃப்ளோரா வாயைத் திறப்பதற்குள் பட்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கீரைக்காரரிடம் பேசிப் பழகிய இந்திதான் அவளிடம் இருந்தது. அதையெல்லாம் ஒன்று திரட்டினாள். "மை ஹஸா. மேரா பதி, மை ஹஸா. சிஸ்டர் நஹி. சிஸ்டர் அச்சா." சிரித்தவள் நான், என் புருஷன், நான் சிரித்தேன், சிஸ்டர் இல்லை, சிஸ்டர் நல்லவர் என்பது அதன் பொருள். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. அகல்யா மியூட் பொத்தானை அழுத்தியிருந்தாள் போலிருக்கிறது.

காரியங்கள் முடிந்தபின் ஒரு நாள் ஃப்ளோரா பார்க்கப் போனாள். துக்க வீட்டுக்கு அப்படி மறுபடி போவதும் அவள் வேலையில் சேர்ந்ததுதான். பட்டு தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், சாயந்திரமானால் வாசலைப் பார்க்கிறாள். அழுகை வருகிறதா என்று ஃப்ளோரா கேட்டாள். "வரது. நடுநடுவுல உங்க வியாதியும் வரது" என்றாள் பட்டு. கிளம்பும்போது வாய் திறந்த காலிச் சொம்பை அவள் கையில் வைத்தாள். "இதுல மிளகு போட்டு வெச்சுக்கோங்கோ. இனிமே தீந்து போகப்படாது."

சொம்பு இப்போது கட்கி வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தட்டில் இருக்கிறது. ஆம்லெட்டுக்கு மிளகு தேடிய நார்மன் அதை எடுத்துப் பார்த்து, "இது என்ன, புதுசா?" என்றார். ஃப்ளோரா சொல்லத் தொடங்கினாள். சாவு என்ற சொல் வந்தது. நார்மன் பால்கனிப் பக்கம் ஓர் அடி வைத்தார். நான்கு சொம்பும் உருண்ட இடம் வந்தபோது நின்றார். காலிச் சொம்பு வந்தபோது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முட்டை கருகிக்கொண்டிருந்தது.

"ஃப்ளோரா."

"ம்?"

"நான் போறப்பவும் சிரிப்பியா?"

அவள் அவரைப் பார்த்தாள். "மிளகு இருந்தா மாட்டேன்."

நார்மன் எட்டி அடுப்பை அணைத்தார். பிறகு எழுந்து, சொம்பை எடுத்து, அவள் கைக்கு எட்டாத மேல் தட்டில், பின்னால் தள்ளி வைத்தார்.